மினிஸ்டர் தண்ணீர் குடிக்கவில்லை

1

என் மனைவி வசந்தி பிறந்தநாட்களை மறந்துவிடுவாள். திருமண நாளையும் நான்தான் நினைவூட்ட வேண்டும். ஆனால் நாங்கள் மொன்றியலில் வந்து இறங்கிய நாளை மட்டும் அவள் ஒருமுறையும் தவறவிட்டதில்லை. வருடாவருடம் பெப்ரவரி வந்ததும் நாலு குடும்பங்களைக் கர்க்லாண்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து, சோறு கறி பாயசம் என்று ஒரு கல்யாண வீட்டுக்குரிய ஆரவாரம் செய்வாள். இந்த வருடம் அது இருபத்திரண்டாவது.

நான் வந்து இறங்கிய விமானநிலையத்திலேயேதான் இன்றைக்கும் வேலை செய்கிறேன். டோர்வலில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற வேலை. இருபத்திரண்டு வருடத்தில் நான் முன்னேறிய தூரம், பெட்டிகள் சுழன்று வரும் பட்டையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும்தான்.

விருந்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது மகள் அபிரா அழைத்தாள். அவள் தானாக என்னை அழைப்பது அபூர்வம். குரல் அடைத்திருந்தது.

"அப்பா, மினிஸ்டர் தண்ணி குடிக்கேல்லை. மூண்டு நாளாய்."

எங்கள் ஊரில் வளர்ந்த ஒருவனுக்கு இந்த வசனம் ஒரேயொரு விதமாகத்தான் விளங்கும். எந்த மினிஸ்டர், என்ன கோரிக்கையை முன்வைத்து உண்ணாவிரதம் இருக்கிறார் என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான் மினிஸ்டர் ஒரு குதிரை என்பது எனக்கு நினைவு வந்தது.

2

அபிராவுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இங்கே செஜெப் என்றொரு கல்லூரி இருக்கிறது. அதில் அவளைப் பல் வைத்தியத்துக்கு வழிவிடும் பாடங்களில் சேர்த்தோம். ஆறு மாதத்தில் அவள் தானே மனுக் கொடுத்து மிருகங்களைப் பராமரிக்கும் படிப்புக்கு மாறிக்கொண்டாள். மாறியதைச் சொல்லும் கடிதம் பிரெஞ்சில் வந்ததால், நாங்கள் அதை ஏதோ நூலகத்துக் கடிதம் என்று நினைத்துக் குளிர்பெட்டிக் கதவில் மூன்று வாரம் ஒட்டி வைத்திருந்தோம்.

வார இறுதிகளிலும் வகுப்பு இல்லாத நாட்களிலும் கர்க்லாண்டுக்கு மேற்கே, மொன்றியல் தீவு முடிகிற இடத்துக்குக் கிட்ட உள்ள ஒரு குதிரைக் கொட்டகையில் வேலை செய்தாள். மூன்று குதிரைகள். அவற்றில் மூத்தது மினிஸ்டர். அதற்கும் வயது இருபத்திரண்டு. இந்த நாட்டில் எனக்கும் அதற்கும் ஒரே வயது.

வசந்தி கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளர் உதவியாளர். பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து, மகளின் சப்பாத்தில் குதிரைச் சாணத்தைக் கண்டால் அவளுக்குத் தாங்காது. "குதிரை மேய்க்கவோ கனடாவுக்கு வந்தனாங்கள்?" என்பாள். அபிரா பதிலுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல், ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விடுவாள். வசந்தியின் பிரெஞ்சு ஆஸ்பத்திரிப் பிரெஞ்சு. வலிக்கிறதா, திரும்பிப் படுங்கள், கழிவறைக்குப் போக வேண்டுமா என்பதற்கு மேலே அது போகாது. ஆகவே இருவரும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் வதந்தி மூலம் அறிந்துகொண்டு வாழ்ந்தார்கள்.

அன்று தொலைபேசியில் அபிரா கேட்டது பனங்கட்டி. இனிப்புக் கலந்தால் சில குதிரைகள் குடிக்குமாம். அங்கே அப்பிள் சாறு, கரும்புப் பாகு எல்லாம் கலந்து பார்த்தாயிற்று. வீட்டில் அம்மா ஊரிலிருந்து எடுப்பித்த பனங்கட்டி இருக்கிறது, அதைக் கொண்டு வாருங்கள் என்றாள். அது மறுநாள் பாயசத்துக்கென்று வசந்தி அளந்து வைத்திருந்த பனங்கட்டி. அவள் வேலையில் இருந்தாள். நான் அதைக் களவெடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

3

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் படித்தவன். படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. யுத்தம். வருடக்கணக்காகக் கம்பிகளில் காகம் மட்டும் இருந்தது. தொழிற்கல்லூரி வகுப்பில் பலகையில் சுவிட்ச், ஹோல்டர், பிளக் எல்லாவற்றையும் பூட்டி வயர் இழுப்போம். சரிபார்க்க வேண்டுமென்றால் ஒருவன் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் கரண்டில் ஒரு சின்ன பல்ப் மினுங்கும். இறுதிச் செயன்முறைப் பரீட்சையன்று அந்த டைனமோவும் பழுது. பரீட்சகர் ஒவ்வொரு பலகையாகப் பார்த்து, இது எரியும், இது எரியாது என்று மனத்தால் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார். என் பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"தம்பி, உம்மட பல்ப் நல்லா எரியும். ஆனால் எர்த் வயர் குடுக்கேல்லை. தொடுறவன் செத்துப்போவான்," என்றார். இல்லாத கரண்டில் ஒருவனைக் கொன்றதற்காக எனக்குப் பத்துப் புள்ளி குறைந்தது.

மொன்றியலுக்கு வந்ததும் அந்தச் சான்றிதழை, வெளிநாட்டுப் படிப்புக்கு மதிப்புப் போடும் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். எங்கள் அதிபர் நேர்மையான மனிதர். பயிற்சிக் காலத்தில் மின் விநியோகம் கிடைக்கவில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அலுவலகத்துப் பெண் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, நீங்கள் மின்சாரம் இல்லாமல் மின்சாரம் படித்தீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். அதை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொன்னாள். உறுதிப்படுத்தினேன். உங்கள் படிப்பு கோட்பாட்டளவில் மதிக்கத்தக்கது என்று நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். இந்த மாகாணத்தில் உரிமம் இல்லாதவன் பிறர் இடத்தில் வயர் வேலை செய்வது குற்றம். எங்கள் வீட்டில் ஒரு சுவிட்ச் பழுதானாலும் ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அவன் செய்வதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

4

கொட்டகையில் குளிர் மைனஸ் பதினெட்டு. சொந்தக்காரி மடாம் ஜிஸெல் அறுபது தாண்டிய, கட்டையான, நல்ல மனுசி. என்னைக் கட்டிப்பிடித்து, கடினமான நேரம் என்று சொன்னாள். செத்த வீட்டுக்கு வந்ததுபோல எனக்கும் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வேலிக்குள் ஒரு பெரிய தகரத் தொட்டி. மூன்று குதிரைகளுக்கும் அதுதான் குடிதண்ணீர். குளிரில் உறையாமல் இருக்க, தண்ணீருக்குள் ஒரு மின் சூடாக்கி போட்டிருந்தார்கள். தொட்டியைச் சுற்றி மட்டும் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. மற்ற இரண்டு குதிரைகளும் தொட்டிப் பக்கமே போகாமல் பனியை நக்கின. மினிஸ்டர் பனியையும் நக்கவில்லை. ஒரு கிழட்டுப் பிரமுகரைப்போல மூலையில் தலை குனிந்து நின்றது.

மிருக வைத்தியர் காலையில் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் கொடுத்திருந்தார். குடல் இறுகத் தொடங்கிவிட்டது, நாளை பின்னேரம் நாலு மணிக்குள் தானாகக் குடிக்காவிட்டால் ஆற்றுக்கு அப்பால் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும், இந்த வயதில் அந்தப் பயணத்தைத் தாங்குமா தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வைத்தியருக்குப் பிறகு ஜிஸெல் இன்னொருவரையும் கேட்டிருந்தாள். மிருகங்களோடு தொலைபேசியில் பேசுகிற ஒரு பெண். போனை மினிஸ்டரின் காதில் இருபது நிமிடம் பிடித்திருக்கிறார்கள். மினிஸ்டருக்குச் செத்துப்போன தாயின் முகம் தண்ணீரில் தெரிகிறது என்று அந்தப் பெண் கண்டுபிடித்திருந்தாள். அதற்காகத் தொட்டியின் ஒரு பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் வயலின் இசை பாடிக்கொண்டிருந்தது. தாய்க் குதிரைக்கு வயலின் பிடிக்குமாம்.

நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் அழுத மகள் பக்கத்தில் நின்றாள்.

தகர வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பனங்கட்டியை உடைத்துக் கரைத்தோம். அபிரா வாளியைத் தொட்டியின் விளிம்பில் கொழுவினாள். மணத்துக்கு மினிஸ்டர் தலையைத் தூக்கியது. ஓரடி, இன்னும் ஓரடி. கழுத்தை நீட்டி, வாளிக்குள் சொண்டு பட்டதும் படாததுமாக விசுக்கென்று பின்னுக்கு இழுத்தது. மேற்சொண்டு நடுங்கியது.

துக்கத்தில் யாரும் அப்படி இழுப்பதில்லை. அப்படி இழுப்பது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

ஜிஸெல் தன் கையைத் தொட்டிக்குள் முழங்கை வரைக்கும் விட்டு, பார், தண்ணீரில் ஒன்றுமில்லை என்று காட்டினாள். நான் அவளுடைய காலைப் பார்த்தேன். தடித்த ரப்பர் பூட்ஸ். பிறகு மினிஸ்டரின் காலைப் பார்த்தேன். நாலு இரும்பு லாடம், ஈரச் சேற்றில்.

சூடாக்கியின் வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது பனிக்கு மேலால், ஒரு பழைய செம்மஞ்சள் நீட்டிப்பு வயரில் பொருத்தப்பட்டுக் கொட்டகைச் சுவருக்குப் போனது. சூடாக்கியின் பிளக்கில் மூன்று கால் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன. எர்த்துக்கான உருண்டைக் கால், பழைய நீட்டிப்பில் நுழையாதபடியால் வெட்டப்பட்டிருந்தது. சுவரில் அந்தப் பிளக்குக்குப் பக்கத்திலேயே, கரண்ட் கசிந்தால் தானாக நிற்கும் பொத்தான் வைத்த நல்ல பிளக்பொயின்ட் ஒன்று சும்மா இருந்தது. அதை ஏன் பாவிக்கவில்லை என்று கேட்டேன். அது போன கிழமை முழுக்கப் பொத்தானைத் தள்ளித் தள்ளித் தொல்லை கொடுத்தது, ஆகவே மூன்று நாளைக்கு முன் தன் மைத்துனர் தொல்லையில்லாத துவாரத்துக்கு மாற்றிவிட்டார் என்றாள் ஜிஸெல்.

பாவம் அந்தப் பொத்தான். அந்தப் பண்ணையில் உண்மை சொன்னது அது ஒன்றுதான்.

அபிராவிடம் விளங்கப்படுத்தினேன். சூடாக்கியின் உள்ளே எங்கோ வெடித்திருக்கிறது, கரண்ட் தண்ணீருக்கு வருகிறது, எர்த் இல்லாததால் குதிரையின் வாய் வழியாக நிலத்துக்கு இறங்குகிறது. வாளியைக் கொழுவிய விளிம்புக்கும் அதேதான். அவள் தன் கையுறையைக் கழற்றிக் கையைப் பார்த்தாள்.

"எனக்கும் சில நேரம் விரல் விறுவிறுக்கும் அப்பா. குளிர் எண்டு நினைச்சன்."

இந்த மூன்று நாளும் அவள் அந்தத் தொட்டிக்குள் கை விட்டிருக்கிறாள். பூட்ஸில் ஒரு கீறல் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சுவருக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பிளக்கைப் பிடுங்க இந்த மாகாணத்தில் உரிமம் தேவையில்லை.

5

ஜிஸெலுக்குப் பயம் பிடித்துவிட்டது. காப்புறுதிக்காரர் கேட்பார்கள், முறைப்படி அறிவிக்க வேண்டும் என்றாள். மின்சாரப் பாதுகாப்புக்கென்று ஓர் அலுவலகத்தின் எண்ணைத் தேடித் தந்து, மின்சாரம் தெரிந்தவர் நீங்கள்தான், நீங்களே பேசுங்கள் என்றாள். என்னை யாரும் அப்படிச் சொல்லி எத்தனையோ வருடம். அந்தப் பெருமையில் போனை வாங்கிவிட்டேன்.

பிரெஞ்சில் குதிரைகளுக்கு ஷெவோ. தலைமுடிக்கு ஷெவெ. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் என் நாக்குக்குப் பிடிபட்டதே இல்லை. அதுவரையில் அது பிடிபட வேண்டிய அவசியமும் வரவில்லை.

என் முடிகள் தண்ணீரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று முறையிட்டேன். அலுவலர் பொறுமையானவர். குளியலறையில் முடி உலர்த்தும் கருவி பாவித்தீர்களா என்று கேட்டார். இல்லை, தண்ணீருக்குள் சூடாக்கி இருக்கிறது என்றேன். முடி இப்போது ஈரமாக இருக்கிறதா என்றார். இல்லை, அது வெளியே பனியில் நிற்கிறது என்றேன். எத்தனை முடிக்கு இந்தப் பிரச்சினை என்று கேட்டார். மூன்று, ஆனால் ஒன்றுதான் கடுமையாக இருக்கிறது, அதற்கு இருபத்திரண்டு வயது, மூன்று நாளாக ஒன்றும் குடிக்கவில்லை என்றேன். தனியாக இருக்கிறீர்களா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று அவர் மிகவும் மென்மையாகக் கேட்டார். மகள் இருக்கிறாள் என்றேன். மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

அபிரா ஒரு நிமிடத்தில் விசயத்தை முடித்தாள். கசியும் கருவியைத் திரும்பப் பொருத்தக்கூடாது, உரிமம் உள்ள எலக்ட்ரீசியன் வந்து பார்க்க வேண்டும் என்று பதில் கிடைத்தது. போனை வைத்துவிட்டு, மூன்று நாளில் முதல்தடவையாகச் சிரித்தாள். ஜிஸெலும் சிரித்தாள். நான் போய் வயலினை நிற்பாட்டினேன்.

6

பிளக்கைப் பிடுங்கியும் மினிஸ்டர் அந்த இரவு முழுக்கத் தண்ணீரைத் தொடவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எலக்ட்ரீசியன் வந்தார். பெரிய மீசை, அதிகம் பேசாதவர். சூடாக்கியை ஒரு நிமிடத்துக்கு மட்டும் போட்டு, மீற்றரின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மற்றதை நிலத்தில் இறங்கிய இரும்புக் குழாயிலும் வைத்தார். நாற்பத்தொரு வோல்ட். என்னிடம் காட்டினார். நான் படிக்கும் காலத்தில் இப்படி ஓர் எண்ணைப் பார்த்ததே இல்லை.

யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் என்றேன். உரிமம் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். என்னையும் மினிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படிவத்தில் எழுதினார். பிறகு அபிரா எனக்கு வாசித்துக் காட்டினாள்: பிளக் கழன்ற நிலையில் காணப்பட்டது. நல்ல மனிதர். உரிமம் இல்லாத என்னைக் காப்பாற்றத்தான் என் பெயரை விட்டுவிட்டு அப்படி எழுதினார். அது எனக்கு விளங்கியது.

பழைய சூடாக்கியும் செம்மஞ்சள் வயரும் குப்பைக்குப் போயின. தொட்டிக்குக் கிட்டவே குழாய்க்குள்ளால் வயர் இழுத்து, குதிரை கடிக்காத உயரத்தில், பொத்தான் வைத்த புதுப் பிளக்பொயின்ட் ஒன்றைப் பூட்டினார். தகரத் தொட்டிக்கும் எர்த் கொடுத்தார். புதுச் சூடாக்கியைப் போட்டுத் திரும்ப அளந்தபோது மீற்றரில் பூச்சியம். பொத்தானையும் இரண்டு தரம் அமத்திச் சோதித்தார். அப்போது மணி இரண்டரை. மற்ற இரண்டு குதிரைகளும் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டு, பிறகு வந்து குடித்தன.

மினிஸ்டர் வரவில்லை. பனங்கட்டித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினோம். வாளியை நிலத்தில் வைத்தோம். அது பார்த்துக்கொண்டே நின்றது. மூன்றேகாலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றும் வாகனம் வந்து வாசலில் நின்றது. அபிரா மினிஸ்டரின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கிடையில் வசந்தி இரண்டு தரம் அழைத்து, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், பனங்கட்டியைக் காணவில்லை என்று அறிவித்திருந்தாள். களவுக்குப் பயந்து மினிஸ்டரின் விசயத்தை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நான் செய்ததற்கு எனக்கே காரணம் சொல்லத் தெரியவில்லை. வேலிக்குள் போய், ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன். காலுறையோடு அந்தச் சேற்றில் நின்றேன். ஐஸ் தண்ணீர் குதிக்கால் வழியாக மூளைக்கு ஏறியது. இடது கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்தேன். கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் நிமிர்ந்து, பூச்சியம் என்று மீற்றர் ஏற்கெனவே சொல்லிவிட்டதே என்றார்.

"எனக்குச் சொன்னது. குதிரைகளுக்குச் சொல்லவில்லை," என்றேன். அந்த வசனம் மட்டும் பிரெஞ்சில் பிழையில்லாமல் வந்ததாக எனக்குப் பட்டது. முடி என்று சொல்லாமல் மினிஸ்டர் என்றாவது சொல்லியிருக்கலாமே என்று பிறகு நினைத்தேன், ஏனென்றால் அவர் என் தலையைப் பார்த்தார்.

வலது கையைத் தண்ணீருக்குள் விட்டேன். சூடாக்கி வேலை செய்துகொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இளஞ்சூடான தண்ணீர், அவ்வளவுதான். ஒரு கை அள்ளிக் குடித்தேன். பனங்கட்டியும் வைக்கோலும் கலந்த ருசி. இன்னொரு கை அள்ளினேன்.

மினிஸ்டர் என் முகத்தைப் பார்த்தது. மெல்ல நடந்து வந்தது. என் தோளுக்கு மேலால் கழுத்தை நீட்டி, சொண்டை நுனியில் ஒருதரம் தொட்டு எடுத்தது. திரும்ப வைத்தது. அதன் பிறகு தொண்டைக்குள் இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் அசையாமல் நின்றேன். ஜிஸெல் சிலுவைக் குறி போட்டாள். வாகனக்காரர் இஞ்சினை நிற்பாட்டினார்.

அபிரா அழுதுகொண்டே போனை எடுத்துத் தாயைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் பின்னால் விருந்தாளிகளின் சத்தம் கேட்டது.

"அம்மா, அவர் குடிச்சிட்டார்."

எங்கள் வீட்டில் அவர் என்றால் நான். அந்தப் பக்கத்தில் விருந்தாளிகளின் சத்தம் நின்றது.

"என்னடி சொல்லுறாய்?"

"ஓம் அம்மா, நல்லாக் குடிச்சிட்டார். இன்னும் குடிச்சுக்கொண்டிருக்கிறார். தலையை உள்ளுக்கு விட்டுக் குடிக்கிறார், நிப்பாட்டுறார் இல்லை."

"ஆர் குடுத்தது?"

"எலக்ட்ரீசியன்தான் எல்லாம் சரியாக்கித் தந்தவர். முதல் பயந்தவர் அம்மா, பேந்து பயமெல்லாம் போட்டுது."

"நிக்கிறாரோ, விழுந்திட்டாரோ?"

"நிக்கிறார் அம்மா. நாலு காலிலயும் வடிவா நிக்கிறார்."

நான் கையை நீட்டிப் போனை வாங்கியிருக்கலாம். இரண்டு சொல்லில் திருத்தியிருக்கலாம். கர்க்லாண்டில் நாலு குடும்பங்களுக்கு முன்னால் என் மானம் போய்க்கொண்டிருந்தது எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் அபிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலியில் சாய்ந்து நின்று, மூன்று நாள் என்ன நடந்தது, எப்படிப் பயந்தாள், இரவு எப்படி நித்திரை வரவில்லை என்று தாய்க்குச் சொல்லத் தொடங்கினாள். இடையில் சொல் வராத இடத்தில் நின்று தேடினாள். தேடி, பிரெஞ்சுக்குப் போகாமல், தமிழையே எடுத்தாள். மற்றப் பக்கத்தில் வசந்தி ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தான் கேட்பது நான் குடித்த கதை என்று நினைத்துக்கொண்டு.

நான் ஈரக் காலுறையோடு, குதிரைக்குப் பக்கத்தில், சத்தம் போடாமல் நின்றேன்.